நெய்வேலிக்கு நான் போட்ட பழைய எண்

1

நான் அடிலெய்டுக்கு வந்து பதினேழு வருடம் முடிந்த அன்று என் தம்பி ரவியின் கை வெந்துபோனது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் அன்று மாலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. யாரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். படிப்பவர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. இரண்டு மாதமாக என்னை நானே திட்டிக்கொள்வதைவிட அது மோசமாக இருந்துவிடாது.

வருடம்தோறும் அந்த நாளில் நான் ஓர் அசட்டுக் காரியம் செய்வேன். மகள் யாழினியைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் வழியில் இந்தியக் கடையில் காரை நிறுத்தி, பண்ருட்டி முந்திரி வந்திருக்கிறதா என்று கேட்பேன். வந்திருக்காது. வியட்நாம் முந்திரி இருக்கும். கடைக்காரர் பஞ்சாபி, பண்ருட்டி என்பதை ஏதோ கம்பெனியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு அடுத்த மாதம் வரவழைக்கிறேன் என்பார். யாழினி காரை விட்டு இறங்கவே மாட்டாள். பதினைந்து வயதுக்காரிக்கு அம்மாவின் முந்திரி ஏக்கம் ஒரு தலைக்குனிவு.

கடைக்குள் நிற்கும்போதுதான் ரவியின் மனைவி தேவி கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் எங்களுக்குள் போன் பேச்சு கிடையாது. 

"அண்ணி, அவருக்கு ஆக்சிடென்ட் ஆயிடுச்சு. கெபாசிட்டர் வெடிச்சிடுச்சாம். சூடா எண்ணெ தெறிச்சி வலது கை பூரா வெந்துபோச்சு. மூஞ்சியிலயும் பட்டிருக்குது. பாண்டிச்சேரிக்கு ஆம்புலன்ஸ்ல தூக்கிகினு போறோம்."

"எங்க தேவி நடந்துச்சு?"

"வேல செய்யற எடத்துலதான் அண்ணி. காலையில எட்டரைக்கு."

 காருக்கு வந்து உட்கார்ந்தேன். 

"என்னம்மா?" என்றாள் யாழினி.

"ரவி மாமாவுக்கு அடிபட்டிருச்சு."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "ஃபோன் மாமாவா?"

2

நான் மின் பொறியாளர். பேட்டரி நிலையங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. பகலில் சூரிய மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தேவை கூடும் நேரத்தில் கிரிட் என்னும் மின் வலைக்குத் திருப்பிக் கொடுக்கும் நிலையங்கள். போய்ப் பார்த்தால் பார்க்க ஒன்றுமே இருக்காது. கப்பலில் வரும் கண்டெய்னர் போல வெள்ளைப் பெட்டிகள் வரிசையாக நிற்கும், அவ்வளவுதான்.

பேட்டரி தருவது நேர் மின்சாரம். அதை இன்வெர்ட்டர் துண்டு துண்டாக வெட்டி, நொடிக்கு ஐம்பது முறை ஏறி இறங்கும் அலையாக மாற்றி லைனுக்கு அனுப்புகிறது. வெட்டி ஒட்டிய வேலை என்பதால் அந்த அலை மழமழவென்று இருக்காது. அதோடு ஐந்து மடங்கு, ஏழு மடங்கு, பதினோரு மடங்கு வேகத்தில் குட்டி அலைகள் சேர்ந்து போகும். இவற்றைத்தான் ஹார்மோனிக்ஸ் என்கிறோம். குட்டியாக இருக்கும்வரை தொல்லை இல்லை. ஆனால் லைனும், வோல்டேஜ் இறங்காமல் தாங்கிப் பிடிப்பதற்காக சப்-ஸ்டேஷனில் வைத்திருக்கும், எண்ணெய் நிரப்பிய கேன்களான கெபாசிட்டர்களும் சேரும்போது அந்த ஜோடிக்கென்று ஒரு சொந்தத் துடிப்பு வந்துவிடும். குட்டி அலைகளில் ஒன்று அந்தத் துடிப்போடு ஒத்துப்போனால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருப்பது மாதிரி அது பெருகும். கெபாசிட்டர் சூடேறும், உப்பும், கடைசியில் வெடிக்கும்.

அந்தத் துடிப்பு எந்த மடங்கில் விழும் என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதற்கு இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். கெபாசிட்டர் எவ்வளவு பெரியது என்பது ஒன்று. அந்த இடத்தில் கிரிட் எவ்வளவு வலுவானது என்பது மற்றொன்று. பக்கத்தில் பெரிய மின் நிலையம் ஓடிக்கொண்டிருந்தால் வலு அதிகம். இல்லாவிட்டால் குறைவு. வலு குறைந்தால் துடிப்பும் கீழே இறங்கும். நாசமாய்ப் போன இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. எனக்கும் உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் மின்சாரம் போகும், வரும் என்று வாழ்ந்த காலத்தில் நாங்கள் அதை அறியாமல் வாழ்ந்தோம். மேல்பட்டாம்பாக்கத்தில் இருந்த அத்தை பிள்ளைகள் பரீட்சை சமயத்தில் துணிப்பையோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவார்கள். இரண்டு அறை வீட்டில் ஒன்பது பேர். சுவரெல்லாம் கால், கையெல்லாம் புத்தகம். பண்ருட்டிப் பக்கம் இருட்டிக் கிடக்க, எங்கள் தெருவில் டியூப் லைட் வெளிச்சத்தில் ஷட்டில் ஆடுவோம்.

அப்பா மைன்ஸில் பெர்மனென்ட். பழைய அனல் நிலையத்தின் புகைபோக்கிகள் எங்கள் பின்வாசலில் இருந்து தெரியும். துணி காயப்போட்டால் சாம்பல் படியும். அம்மா உதறிக்கொண்டே கரித்துக்கொட்டுவாள். அப்பா மட்டும் சிரித்துக்கொண்டே, "அதுலதான்டி உன் மிக்சி ஓடுது" என்பார்.

அப்பா ரிட்டையரானதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு பக்கத்து ஊரான வடக்குத்தில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா ரவியோடு இருக்கிறாள். நான் படித்தேன், வெளியே வந்தேன். ரவி ஐ.டி.ஐ. முடித்தான், அப்ரண்டிஸ் முடித்தான், இன்றைக்குப் பெர்மனென்ட் ஆவோம் நாளைக்கு ஆவோம் என்று காண்ட்ராக்டிலேயே நாற்பது வயதைத் தொட்டுவிட்டான். பெர்மனென்டின் மகன் காண்ட்ராக்ட் என்பது டவுன்ஷிப்பில் எப்படிப்பட்ட வலி என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கேண்டீனில் உட்காருகிற பெஞ்சுகூட வேறு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது முதல் கேள்வியே அதுதான்.

பழைய அனல் நிலையத்தை மூடிய செய்தி எனக்குத் தெரியாமல் இல்லை. ஸ்கூல் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டார்கள். நான் ஒரு அழுகை பொம்மையைப் பதிலாகப் போட்டுவிட்டு, அன்று இரவு சமையலின்போது யாழினியிடம் அந்தப் புகைபோக்கிகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவள் காதில் ஹெட்போன் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

4

போன வருடம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வேலை வந்தது. நெய்வேலிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் நிறுவனம் பேட்டரி நிலையம் வைக்கிறது, ஒரு பழைய சப்-ஸ்டேஷனில் கொண்டு போய் இணைக்கிறது, அதற்கு ஹார்மோனிக்ஸ் ஆய்வு செய்து தர வேண்டும். எங்கள் மேலாளர் மார்க் கூட்டத்தில் ஊர்ப் பெயரைப் படிக்கத் திணறியபோது நான் கையைத் தூக்கிவிட்டேன். பதினாறு வருடத்தில் என் ஊர்ப் பெயர் அந்த மேசைக்கு வந்தது அதுதான் முதல் முறை. அந்தப் பூரிப்பை நினைத்தால் இப்போது குமட்டுகிறது.

வேலை தொடங்குமுன் ஒரு படிவம் உண்டு. இந்தத் திட்டத்தில் உங்கள் குடும்பத்தினர் யாருக்கேனும் தொடர்பு உண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பொய் இல்லை. ரவிக்கு ஏதோ சப்-ஸ்டேஷனில் காண்ட்ராக்ட் என்று தெரியும், எந்த சப்-ஸ்டேஷன் என்று தெரியாது. திட்டத்தைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று இன்னொரு படிவத்திலும் கையெழுத்துப் போட்டேன். அதனால் வீட்டிலும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து ஊருக்குப் போகும்போது ரவியைக் கூட்டிக்கொண்டு போய், "பாருடா, இது அக்கா போட்ட கணக்கு" என்று காட்டலாம் என்று மனதுக்குள் ஒரு சினிமா ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வாடிக்கையாளர் அனுப்பிய காகிதங்களில் கிரிட் வலுவுக்கான கடிதம் பழையது, பழைய அனல் நிலையம் ஓடிக்கொண்டிருந்த காலத்தது. என் கணக்கைச் சரிபார்த்தவள் ஹன்னா என்ற சின்னப் பெண். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவள் அந்த இடத்தில் மஞ்சள் கோடு போட்டு, இந்த எண் இன்றைக்கும் சரியா என்று கேட்டிருந்தாள். புது எண் வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுத வேண்டும், அது மூன்று அலுவலகம் ஏறி இறங்க வேண்டும், ஆறு வாரமாவது ஆகும். இரண்டு வாரத்தில் அறிக்கை கொடுத்தாக வேண்டும்.

நான் ஹன்னாவின் மேசைக்குப் போய்ச் சிரித்துக்கொண்டே சொன்னேன்: நான் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், நாட்டிலேயே அசையாத கிரிட் ஒன்று உண்டென்றால் அதுதான். அவள் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். மஞ்சள் கோட்டை அழித்தாள்.

பழைய அனல் நிலையம் மூடியாகிவிட்டது என்று தெரிந்தவள் நான். அதற்காக அழுகை பொம்மை போட்டவள். ஆனால் அந்த எண்ணைத் தட்டும்போது என் தலைக்குள் புகைபோக்கிகள் புகைந்துகொண்டிருந்தன, சாம்பல் படிந்துகொண்டிருந்தது, அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். இது சாக்கு இல்லை. என்ன நடந்தது என்று நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

5

அன்று மாலை தேவி ஆஸ்பத்திரியில் இருந்து மறுபடி கூப்பிட்டாள். உயிருக்கு ஒன்றுமில்லை, வலது கைக்குத் தோல் வைக்க வேண்டியிருக்கும், வலது கண்ணைப் பற்றி டாக்டர் இன்னும் வாய் திறக்கவில்லை. பேச்சை நிறுத்தினால் அழுதுவிடுவாள் என்று நான்தான் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"எந்தக் கெபாசிட்டர் தேவி? எப்பவும் இருக்கறதா, புதுசா?"

"பழசுதான் அண்ணி. இந்தப் பேட்டரி வந்ததுல இருந்துதான் ஙொய்னு சத்தம் போட்டுகினு இருந்துதாம். காலையில பேட்டரி கரண்ட் குடுக்க ஆரம்பிச்சா போதும், சத்தம் வந்துரும்னு வூட்ல கூட சொல்லிகினே இருப்பாரு. சூப்பர்வைசர்கிட்ட ரெண்டு வாட்டி சொன்னாராம்."

"எந்தப் பேட்டரி?"

"அதான் அண்ணி, வெள்ளை வெள்ளையா பொட்டி வெச்சிருக்காங்களே. ஆஸ்திரேலியாவுல கணக்குப் போட்டாங்கன்னு கூட சொன்னாங்க. அவரு உங்களத்தான் நெனச்சிகினாரு. எங்கக்கா ஊர்லதான் போட்டிருக்காங்கன்னு பெருமையா சொல்லிகினு திரிஞ்சாரு."

போனை வைத்துவிட்டு என் அறிக்கையைத் திறந்தேன். பழைய அனல் நிலையத்தில் இருந்து அந்த சப்-ஸ்டேஷனுக்கு வரும் லைனை எடுத்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்பதாம் மடங்கில் நிற்கும் என்று நான் எழுதியிருந்த துடிப்பு ஏழாம் மடங்குக்கு இறங்கி வந்து நின்றது. ஒன்பதாம் மடங்கு அலையை அந்த இன்வெர்ட்டர்கள் அநேகமாகத் தருவதில்லை. ஏழாம் மடங்கைத் தவறாமல் தரும். நிலையத்தைத் தொடங்கிய அன்று பேட்டரியைக் கால்வாசி மட்டும் ஓட்டி அளந்திருக்கிறார்கள், எல்லாம் வரம்புக்குள் வந்திருக்கிறது. முழுதாக ஓட்டிய பிறகு அளக்க ஆள் இல்லை. அளக்கத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான், ஏனென்றால் கிரிட் வலுவானது.

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். யாழினி வெளியே நின்று கதவைத் தட்டினாள்.

"அம்மா, நான் உள்ள வரலாமா?"

"வேணாம்மா."

"ஃபோன் மாமா செத்துட்டாரா?"

"இல்லடி. இல்ல."

அவள் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. 

6

விமானம் ஏறலாம் என்றால் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. அவசரம் என்று சொன்னால் அவசரத்துக்குத் தனிப் படிவம். காயமடைந்தவரின் நிலை பற்றி மருத்துவர் கடிதம் வேண்டும், ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், முத்திரை தெளிவாக இருக்க வேண்டும். தேவி அனுப்பிய கடிதத்தில் முத்திரை தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கணவர் வேலை விஷயமாகப் பெர்த்தில் இருந்தார். தினமும் போனில் அமைதியாக இரு, அமைதியாக இரு என்று சொல்லிச் சொல்லி என் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மார்க்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண் தப்பு, நான்தான் போட்டேன், அடிபட்டவன் என் தம்பி. அவர் எழுந்து போய் அறைக் கதவை மூடிவிட்டு வந்தார். கெட்டவர் இல்லை, என் தோளைத் தட்டிக் கொடுத்தார். அதன் பிறகு, காப்பீட்டுக்காரர்களும் வக்கீல்களும் பார்க்கும்வரை இது பற்றி யாருக்கும் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்றார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். சில வாரங்கள் என்றார்.

அன்று ரவி முதல் முறையாகப் பேசினான். தேவி அவன் காதில் போனை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு வெந்திருந்ததால் சொற்கள் குழறின.

"வலிக்குதாடா?"

"இருக்குதுக்கா. பரவால்ல."

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுடா."

"சத்தம் ஜாஸ்தியா வந்துச்சு. போயிப் பாத்தேன். ஒரு கேன் உப்பிகினு இருந்துச்சு. ஆஃப் பண்ணச் சொல்லி கத்திகினே திரும்பறேன், வெடிச்சிடுச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "அக்கா, நான் பர்மிஷன் இல்லாம கெபாசிட்டர் வேலிக்குள்ள போனதா எழுதி வாங்கிகினாங்க."

"நீ கையெழுத்துப் போட்டியா?"

"வலது கைதான் கட்டுப் போட்டிருக்குதே. இடது கை ரேகை வெச்சேன்."

"ஏன்டா வெச்ச? உன் மேல தப்பே இல்ல."

"எல்லாம் தெரியும்க்கா. தப்ப ஒத்துகினா கை தேறுனதும் திரும்பவும் எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் தேவிய ஆபீஸ்ல கூட்டிப் பெருக்கற வேலைக்கு வெச்சிக்கறாங்க. பெரிய புள்ள இந்த வருசம் ப்ளஸ் டூ. விடுக்கா."

அப்போது சொன்னேன். அந்தக் கணக்கு என் கணக்கு என்று சொன்னேன்.  தேவி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது, அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கடைசியில் ரவி சொன்னான்: "சரி, ஆனது ஆயிப்போச்சு. நீ வாயத் தொறக்காத. தொறந்தீன்னா உனக்கும் வேல போவும், எனக்கும் போவும்."

"புதுக் கெபாசிட்டர் போட்டுட்டாங்களா?"

"போட்டுகினு இருக்காங்க. திங்கக்கெழம காலையில ஆன் பண்றாங்க."

புதுசு போட்டாலும் அளவு அதேதான். துடிப்பும் அதேதான். அது வெடிக்க எத்தனை நாள் ஆகும் என்பதில்தான் சந்தேகம், வெடிக்குமா என்பதில் இல்லை. ரவி நின்ற இடத்தில் திங்கட்கிழமை வேறு ஒருவன் நிற்பான். அவனுக்கும் அக்கா இருப்பாள், மனைவி இருப்பாள். அவனும் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கப் போவான், ஏனென்றால் காண்ட்ராக்ட்காரன் எட்டிப் பார்க்காமல் இருந்தால் அதற்கும் மெமோ வரும்.

7

சனிக்கிழமை முழுவதும் நான் சாப்பிடவில்லை. வக்கீல்கள் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டால் ரவிக்கு வேலை, தேவிக்கு வேலை, எனக்கு வேலை, பெயர் தெரியாத ஒருவனுக்குச் சாவு. எழுதினால் அவன் பிழைப்பான், நாங்கள் மூன்று பேரும் தெருவில் நிற்போம். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் விடிவு இல்லை. அம்மாவிடம் பேசலாம் என்று கூப்பிட்டேன். என் கணக்கைப் பற்றி அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "நீ இருந்திருந்தா அவனுக்கு இப்படி ஆக விட்டிருப்பியாடி?" என்று கேட்டு அழுதாள். 

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடிதம் எழுதினேன். பேட்டரி நிறுவனத்துக்கும், கிரிட் அலுவலகத்துக்கும், சப்-ஸ்டேஷன் பொறியாளருக்கும் சேர்த்து ஒரே கடிதம். என் அறிக்கையில் உள்ள கிரிட் வலு தவறு. துடிப்பு ஏழாம் மடங்கில் விழுகிறது. கெபாசிட்டர்களைத் துண்டிக்கும்வரை பேட்டரியை ஓட்டாதீர்கள். கெபாசிட்டரோடு தொடராக ரியாக்டர் என்னும் கம்பிச்சுருளைச் சேர்த்துத் துடிப்பை ஐந்தாம் மடங்குக்கும் கீழே இறக்குங்கள், முழு அளவில் ஓட்டி ஒரு வாரம் அளந்து பாருங்கள். அன்று காலை பணியில் இருந்தவர் மீது தவறு இல்லை, அவர் முன்பே இரண்டு முறை எச்சரித்திருக்கிறார். அவர் என் உடன்பிறந்த தம்பி என்பதையும் எழுதினேன். மறைத்தால் நாளைக்கு அதை வைத்தே மற்றதையும் பொய் என்பார்கள்.

அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் ரவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடியும் வேண்டாம் என்பான், அவன் மறுபடியும் வேண்டாம் என்றால் என்னால் அனுப்ப முடியாது. அதனால் சொல்லாமலே அனுப்பினேன்.

திங்கட்கிழமை பேட்டரியை ஓட்டவில்லை. இதுவரை எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி இதுதான்.

மற்றதெல்லாம் நான் எதிர்பார்த்தபடியே நடந்தது. மார்க் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும்வரை நான் பொறியாளர் என்று கையெழுத்துப் போடக் கூடாது. என்னைக் கேள்வி கேட்ட குழு, எண் சரி என்று எந்த ஆதாரத்தில் சொன்னீர்கள் என்று மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டது. நான் அந்த ஊர்க்காரி என்று மூன்று முறையும் சொன்னேன். அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். ஊரில் ரவியைக் கூப்பிட்டு, பொய்யான வாக்குமூலத்தில் ஏன் ரேகை வைத்தாய் என்று மிரட்டியிருக்கிறார்கள். எழுதி வாங்கியவர்களே அப்படிக் கேட்டார்கள். அவன் கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். தேவிக்குச் சொன்ன வேலையும் இல்லை என்றாகிவிட்டது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம், உருவம் தெரியவில்லையாம். இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரவியும் தேவியும் என் போனை எடுக்கவில்லை, பாஸ்போர்ட் வந்த பிறகும் ஊருக்குப் போக எனக்குத் துணிவில்லை.

நான் செய்தது சரி என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். ஹன்னா வீட்டுக்கே வந்து, தன் மஞ்சள் கோட்டை அழித்ததற்காக என்னிடம் அழுதாள். அவளுக்கு நான்தான் தேநீர் போட்டுக் கொடுத்துத் தேற்ற வேண்டியிருந்தது. எனக்குச் சரி தவறு எதுவும் புரியவில்லை. தம்பியின் ஒரு கண்ணையும் பிழைப்பையும் வாங்கியவள் என்ற நினைப்போடு எழுகிறேன், அதே நினைப்போடு படுக்கிறேன்.

8

போன ஞாயிற்றுக்கிழமை ரவி கூப்பிட்டான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பெயரைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு எடுத்தேன்.

"எப்படிடா இருக்க?"

"இருக்கறேன். கை மடக்க வருது. பண்ருட்டியில முந்திரி கம்பெனியில வாட்ச்மேன் வேல பேசியிருக்காங்க. ஒரு கண்ணு போதும்னுட்டாங்க."

"ரவி, நான் உன்னக் கேக்காம எழுதிட்டேன். நீ வேணாம்னு சொல்லியும் எழுதிட்டேன். திட்டுடா. வாய்க்கு வந்தபடி திட்டு."

"அதுக்கு நான் கோவப்படலக்கா. தேவிக்குத்தான் ஆறல. அந்தத் திங்கக்கெழம எனக்கு பதிலா டூட்டி போட்டது செல்வராசுக்கு. மூணு பொட்டப் புள்ளைங்க அவனுக்கு. நீ எழுதுனது நல்லதுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துவிட்டான் என்று நினைத்தேன். அவன் நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தான்.

"நான் வேற ஒண்ணு கேக்கத்தான் போன் பண்ணேன். விசாரணையில ஒரு சாரு காயிதத்தப் படிச்சிக் காட்டுனாரு. பழைய தெர்மல்ல இருந்து வர்ற லைன்ல கரண்ட் வருதுன்னு நீ கணக்குல போட்டிருக்கியாமே?"

"ஆமாடா. அதான்டா தப்பு."

"அந்த லைன் செத்துப் போயி வருசக் கணக்கா ஆவுதேக்கா. கம்பியக் கூட பாதி கயட்டிகினு போயிட்டாங்க. நான் தெனமும் மத்தியானம் அந்த டவருக்குக் கீழதான் குந்திகினு சோறு துன்னுவேன். வாராவாரம் நீயும் நானும் பேசிகினுதான் இருந்தோம். 'ஏன்டா ரவி, அந்த லைன்ல கரண்ட் வருதா'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

திட்டத்தைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மைதான். ஆனால் திட்டத்தின் பெயரைச் சொல்லாமலே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியும். கேட்காமல் போனதற்குக் காரணம் அந்தப் படிவம் இல்லை. கிரிட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள மூன்று அலுவலகங்களையும் ஆறு வாரங்களையும் யோசித்த எனக்கு, அங்கேயே நின்று வேலை செய்யும் தம்பியின் ஞாபகம் ஒரு நொடிகூட வரவில்லை. அவன் காண்ட்ராக்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவனிடம் அம்மாவின் பிரஷர் எவ்வளவு என்று கேட்டேன், பலாப்பழம் வந்துவிட்டதா என்று கேட்டேன், பிள்ளைகளின் மார்க்கைக் கேட்டேன். அவன் வேலையைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

"என்னக்கா, லைன்ல இருக்கியா?" என்றான் ரவி.

இருக்கிறேன் என்றேன்.